கூலியை யார் கையில் கொடுப்பது என்று காட்டிய சவரிமுத்து அண்ணன்

மில் ஓடும்போது சாவுச் செய்தியைக்கூடக் கத்தித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. போன வாரம் சவரிமுத்து அண்ணனின் மருமகன் வாசலில் வந்து நின்று ஏதோ வாயசைத்தார். காதில் விழவில்லை. என்ஜினை நிறுத்தச் சொன்னேன். "மாமா காலையில தவறிட்டாரும்மா" என்றார். அதன் பிறகு அன்று மில் ஓடவில்லை.

திண்டுக்கல்லில் அரிசி மில் வைத்திருக்கும் நம்மில் அவரைத் தெரியாதவர் யார்? லேபர் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ரிட்டையரானவர். குறைந்தபட்சக் கூலிச் சட்டம் நம் மில்களுக்கு வந்தபோது, சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மில்லாக ஏறி இறங்கினார். வேவு பார்க்க வந்த ஆள் என்று நினைத்துப் பலரும் வாசலோடு அனுப்பினோம். "மாட்டிவிட வரல தங்கச்சி, மாட்டாம இருக்க வழி சொல்ல வாரேன்" என்பார். அவரை மகான் ஆக்கிவிடாதீர்கள். யோசனை சொல்ல வாங்கும் ஃபீஸில் கறார். காபி ஆறியிருந்தால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்.

என் கணவர் காலமாகி மில் என் தலையில் விழுந்திருந்த சமயம் அது. நெல் அவித்துக் களத்தில் காயப்போடும் பெண்களுக்கு மத்தியானம் கஞ்சி ஊற்றுவோம். அதைச் சாக்காக வைத்துத்தான் கூலியைக் குறைத்துப் பேசியிருந்தது. அண்ணன் விசாரித்துவிட்டு, "கஞ்சி கூலியில சேராது. முழுக் கூலியும் காசாக் குடுத்துருங்க" என்றார். சரியென்று கூலியைக் கூட்டினேன், கஞ்சியை நிறுத்தினேன். சட்டப்படி நடந்துவிட்டோம் என்று எங்கள் இருவருக்கும் ஒரே திருப்தி.

சில நாளிலேயே செல்லம்மா களத்தில் மயங்கி விழுந்தாள். தண்ணீர் தெளித்து உட்காரவைத்து, "இப்பத்தான் கூலி கூட வருதே, சாப்பிட்டு வந்தா என்ன?" என்று கடிந்துகொண்டேன். "காசு எங்க கைக்கு எங்கம்மா வருது? சனிக்கிழம எங்க வீட்டுக்காரருல்ல வந்து வாங்கிட்டுப் போறாரு. என் வயித்துக்கு வந்தது அந்தக் கஞ்சி மட்டுந்தான்" என்றாள். பெண்டாட்டியின் கூலியைப் புருஷன் வந்து வாங்குவது எங்கள் மில்லில் மாமனார் காலத்து வழக்கம். அதைப் பற்றி யாரும் யோசித்ததேயில்லை.

ஆளனுப்பினேன். அண்ணன் வந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "எம்புட்டு குடுக்கணும்னு சொன்னேன். யாரு கையில குடுக்கணும்னு சொல்லாம விட்டுட்டேன். தப்பு என்னோடது" என்றார். கஞ்சியை மறுநாளே ஊற்றச் சொன்னார்.

அந்தச் சனிக்கிழமை என் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். வழக்கம்போல் முன்னால் வந்து நின்ற செல்லம்மாவின் கணவனைப் பார்த்து, "நெல்லு நீயா அவிச்ச அப்பு?" என்றார். அவன் எகிறினான். "எம் பொண்டாட்டி காசு, நான் வாங்கக்கூடாதா? அப்ப அவ இனி வேலைக்கு வர மாட்டா!" அவள் பிழைப்பில் மண் விழுந்தால் அந்தப் பாவம் யாரைச் சேரும்? கொடுத்துத் தொலைத்துவிடலாம் என்று அண்ணனைப் பார்த்தேன். அவர் அசையவில்லை. "ஒனக்குக் குடுத்தா இந்தம்மாவக் கோர்ட்டுக்கு இழுப்பாங்க. சாட்சி சொல்ல நீதான் மதுரைக்கு நடக்கணும். தோதுப்படுமா?" என்றார். கோர்ட் என்றதும் அவன் ஒதுங்கினான். செல்லம்மா முன்னால் வந்து கை நீட்டினாள். வாங்கிய காசை முந்தானையில் முடிந்துகொண்டு விறுவிறுவென்று நடந்தாள். திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிட்டாள். சாட்சிக்கு இழுப்பார்கள் என்பது அண்ணனின் சொந்தச் சரக்கு என்று பிறகு தெரிந்தபோது எனக்குச் சிரித்து மாளவில்லை.

அடக்கத்துக்கு எங்கள் மில் பெண்கள் எல்லாரும் கிளம்பினார்கள். மாலை வாங்க நான் பணம் நீட்டினேன். செல்லம்மா வாங்கவில்லை. "வேணாம்மா. அவருக்கு எங்க காசுலதான் போடணும்" என்றாள். நீட்டிய பணத்தை மடியில் வைத்துக்கொண்டு அவர்கள் பின்னால் நடந்தேன். என் மில்லில் வேலை செய்பவள் என்னிடமே வேண்டாம் என்று சொல்லும் நாளைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார் அண்ணன். அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அதைத்தான்.