'முடியாது' என்று சொல்ல வராத பவுலினோ

எங்கள் தெருவில் பவுலினோவிடம் மட்டும்தான் பிக்கப் வண்டி இருந்தது. அவருக்கோ 'முடியாது' என்று சொல்ல வராது. யார் எதைக் கேட்டாலும், "அதுக்கென்ன, கடவுள் விட்டா பாக்கலாம்" என்பார். எங்கள் ஊரான பாட்ஸ்குவாரோவில் பிறந்தவர்களுக்கு அதன் பொருள் தெரியும்: வேறு ஆளைப் பார்.

ஒபெலியா வடக்கே சொனோராவிலிருந்து வந்தவர். அந்தப் பக்கத்துப் பேச்சு வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. எங்கள் தெருவில் கொஞ்ச நாள் வாடகைக்கு இருந்துவிட்டு, சந்தைக்குப் பின்னால் வேறு வீடு பிடித்தார். நேரே பவுலினோவின் கதவைத் தட்டினார்.

"சனிக்கிழமை வீடு மாத்துறேன். உங்க வண்டி வேணும்."

நலம் விசாரிக்கவில்லை, உட்காரவில்லை. பவுலினோவுக்கு முகம் சிவந்துவிட்டது. சனிக்கிழமை அவர் மச்சான் குழந்தைக்கு ஞானஸ்நானம்.

"அதுக்கென்னம்மா, கடவுள் விட்டா பாக்கலாம்."

"எத்தனை மணிக்கு?"

இதுவரை யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை. "காலையில..." என்று வாய் தானாக உளறிவிட்டது.

சனிக்கிழமை அவர் டை கட்டிக்கொண்டிருந்தபோது, மனைவி ரெமெடியோஸ் ஜன்னலருகே நின்று கத்தினார்.

"யோவ், அந்தம்மா கட்டிலைத் தெருவுல போட்டு அது மேலயே உக்காந்திருக்கு! மழை வேற தூறுது!"

"நெசம்னு நெனச்சிருச்சா?"

"நீ சொன்னா நெனைக்காதா?"

டையோடேயே போய்க் கட்டிலைத் தூக்கி ஏற்றினார்.

வழியில் ஒபெலியா அந்த டையைப் பார்த்தார். "விசேஷத்துக்குக் கெளம்பியிருக்கீங்க. அன்னிக்கே முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே?"

"வாசப்படி ஏறி வந்தவங்க முகத்துக்கு நேரா எப்படிம்மா சொல்றது? அடிச்ச மாதிரி ஆயிடாதா?"

"சொல்லாம மழையில ஒக்கார வெச்சாத்தான் அடிச்ச மாதிரி."

பவுலினோ சிரித்துப் பார்த்தார். ஒபெலியா சிரிக்கவில்லை, மெத்தை நனைந்திருந்தது. ஞானஸ்நானத்துக்குப் போய்ச் சேராததால் மச்சானும் வெகுநாள் முகம் கொடுக்கவில்லை.

ஈஸ்டருக்கு முன் ஒபெலியா மறுபடி வந்தார். கோழிகளைப் பற்றிக் கேட்டார், ரெமெடியோஸின் முழங்கால் வலியைக் கேட்டார், காபி குடித்தார். அப்புறம்தான் மெல்ல, "ஞாயித்துக்கெழம உருவாப்பான் பக்கம் யாராவது போவாங்களாண்ணே? தெரியலேன்னாலும் பரவால்ல" என்றார்.

"ரோடு மோசம்ங்கிறாங்க..."

"அப்ப இருக்கட்டும்ணே. காபி நல்லாயிருக்கு."

'முடியாது' என்று சொல்லாமலே புரிந்துகொண்டுவிட்டார். பவுலினோவுக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது போலிருந்தது.

"புதன்கிழமைன்னா நானே கூட்டிட்டுப் போறேம்மா" என்றார்.

புதன்கிழமை காலை அவர் சந்தைக்குப் பின்னால் ஒபெலியா வீட்டுக்குப் போய் ஹார்ன் அடித்தார். ரெமெடியோஸும் சோளமாவுக் கொழுக்கட்டைப் பொட்டலத்தோடு வண்டியில் இருந்தார்.