தோளில் ஓர் ஈரத்திட்டு

எபனேசருக்குப் படம் எடுப்பதென்றால் பைத்தியம். சாம்பியாவில் செம்புச் சுரங்கத்துக்குள் வருஷக்கணக்காகப் புழுதி தின்ற மனிதர், ஒரு படத்திலாவது சுரங்க உடுப்போடு இருக்க வேண்டுமே! எல்லாம் கோட்டும் டையும்தான். கம்பெனி வீடு, கார், வாசலில் ஊதாப்பூ மரம், அப்புறம் ஃப்ரிட்ஜ். சொந்த ஊரான இலஞ்சியில் இருக்கும் சொந்தக்காரர்கள் வாயைப் பிளக்க வேண்டும் என்று, கதவைத் திறந்துவைத்து, உள்ளே முழுக்கோழி தெரியும்படி நாலு படம்.

இளைய மகள் எப்சிபாவுக்கு ஒன்றுகூட இல்லை.

இதற்காக அவர் மனைவி ஞானபாக்கியம் யாரையும் திட்ட முடியாது. "ஒரு வயசு முடியாம பிள்ளய போட்டோ எடுத்துராதீக, ஆயுசு கொறையும்" என்று ஊரிலிருந்து அம்மா கடுதாசி போட்டாள். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற ஞானபாக்கியம் இதையும் அப்படியே நம்பினாள். கணவர் கேமராவைத் தூக்கியதும் கைப்பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டு வந்து நிற்பாள். பத்தாம் மாதம் காய்ச்சல் வந்தது. மூன்றே நாள். பிள்ளையை அந்தச் சுரங்க ஊர்க் கல்லறையிலேயே அடக்கம் செய்தார்கள்.

எபனேசரும் போய்ச் சேர்ந்துவிட்டார். தென்காசியில் மூத்த மகள் ஷெர்லின் வீட்டில் இருக்கும் ஞானபாக்கியத்துக்கு, எழுபத்தேழு வயதில் ஒரே பயம், அந்த முகம் மறந்துபோய்விடும் என்பது. மூக்கு ஏற்கெனவே மங்கிவிட்டது. இடது கண் கொஞ்சம் சிறுத்திருக்கும், அது மட்டும் இன்னும் தெளிவாக இருக்கிறது. ஆல்பத்தில் ஒரு படத்தை விரலால் தடவிக்கொண்டே இருப்பாள். அதில் அவளுடைய பட்டு ஜாக்கெட்டின் தோளில் ஓர் ஈரத்திட்டு. எப்சிபா வடித்த எச்சில். அப்படி ஒரு பிள்ளை இருந்ததற்கு அது ஒன்றுதான் சாட்சி.

ஷெர்லினுக்குப் பொறுக்கவில்லை. சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம் அம்மாவையும் ஆல்பத்தையும் குற்றாலம் ரோட்டு ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போனாள்.

"அக்கா சின்ன வயசுப் படம் இருக்கு, ஆச்சி படம் இருக்கு. இத வச்சு கம்ப்யூட்டரே முகத்த உண்டாக்கிரும்லா," என்றான் ஸ்டுடியோக்கார மசூது. நல்ல மனசுக்காரன்தான்.

நாலாம் நாள் படத்தைச் சட்டம் போட்டே கொண்டுவந்து கொடுத்தான். கொழுகொழுவென்று ஒரு பிள்ளை, இரண்டு கண்ணும் ஒரே அளவாக, சிரித்துக்கொண்டிருந்தது.

"எப்படி இருக்கு ஆச்சி?"

"அழகா இருக்காப்பா," என்றாள் ஞானபாக்கியம். அவன் போனதும் படத்தைப் பீரோவில் சேலைகளுக்கு அடியில் கவிழ்த்து வைத்தாள்.

மறுநாள் காலை ஜெபத்துக்குக் கண்ணை மூடியவள் பாதியில் திறந்தாள். மறுபடி மூடினாள். உடனே திறந்தாள்.

"என்னம்மா, தல சுத்துதா?" என்று ஓடிவந்தாள் ஷெர்லின்.

"ஏட்டி, கண்ண மூடுனா அந்தப் படத்துப் பிள்ளதான் வாரா. சிரிக்கா."

ஆல்பத்தை இழுத்து, ஈரத்திட்டின் மேல் விரலை வைத்து, இன்னொரு முறை கண்ணை மூடிப் பார்த்தாள்.

"எம் பிள்ள வரமாட்டேங்காளே."