கரைக்கல்லில் விட்ட செருப்பு

செல்வமேரியின் பயம் குரலில் தெரியாது. ஏற்காடு தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர் வேலைக்குச் சேர்ந்ததும் அவள் பழகிக்கொண்ட முதல் விஷயம் அதுதான். சாவுச் செய்தி சொல்ல அழைப்பவர் விம்மினாலும், எஸ்டேட் முதலாளி எரிந்து விழுந்தாலும், ஒரே குரலில் "நம்பர் சொல்லுங்க" என்று கேட்டுக் கம்பியைச் செருக வேண்டும். உள்ளே ஈரக்குலை நடுங்குவது அவளுக்கு மட்டும் தெரிந்த சங்கதி.

அவளுக்கு எல்லாவற்றையும் விடத் தண்ணீர்தான் பயம். அதற்குக் காரணம் இருந்தது.

தலைச்சோலைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் காப்பி பறித்த மலைமக்களின் மகள் அவள். பறிக்கிற சரிவு ஓடைக்கு அந்தப் பக்கம், எடை போடுகிற களம் இந்தப் பக்கம். காலையில் ஓடையைக் கடக்குமுன் எல்லோரும் டயர் செருப்பைக் கழற்றித் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே கரைக்கல்லில் வைத்துவிட்டு வெறுங்காலோடு இறங்குவார்கள். வைக்கும்போதே மேல்மலையை ஒருதரம் அண்ணாந்து பார்ப்பார்கள். அங்கே கறுக்காமல் இருந்தால் போகலாம். சாயங்காலம் திரும்பி வரும்போது அக்கரையிலிருந்தே செருப்பைப் பார்க்க வேண்டும். நனைந்திருந்தால் இறங்கக் கூடாது. யாரும் எழுதி வைக்காத இந்தச் சட்டத்தை மூட்டை சுமக்கிற குழந்தைகூட மீறாது.

மேரிக்கு எட்டு வயதிருக்கும்போது ஒரு சாயங்காலம் செருப்பெல்லாம் நனைந்திருந்தன. பெண்கள் அக்கரையில் நின்றார்கள். இக்கரையில் தராசோடு நின்ற மேஸ்திரி, "இப்ப வராதவங்களுக்கு இன்னைக்கிக் கூலி கெடையாது" என்று கத்தினான். மேரியின் அத்தை சூசையம்மா மூட்டையோடு இறங்கினாள். மூட்டைதான் கிடைத்தது.

கர்த்தர் அழைத்துக்கொண்டார் என்று கோயிலில் சொன்னார்கள். மலைச்சாமிக்குக் கோபம் என்று பக்கத்து ஊர்க்காரர்கள் சொன்னார்கள். இரண்டு தரப்பும் மேலே கையைக் காட்டியதால், கீழே தராசைப் பிடித்துக்கொண்டு நின்றவனை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் மறுநாளும் எடை போட்டான்.

அப்படிப்பட்டவளைத்தான் கடல் தாண்டி ஒரு தீவுக்குக் கூட்டிப்போக ஆசைப்பட்டார் அவள் கணவர் தேவசிகாமணி. மிஷன் பள்ளியில் சரித்திர வாத்தியார். ஜெபமாலை உருட்டுகிற பெண்களைக் கேலி செய்வார். அச்சு மையைக் கண்டால் அவரே மண்டியிடுவார். எண்பத்தாறாம் வருஷம் ஏப்ரல் மாதம் அது. மத்திய அரசு வேலையில் இருப்பவர்களுக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை குடும்பத்தோடு ஊர்சுற்றி வரச் சலுகை உண்டு. மேரி அதுவரை அதைத் தொட்டதில்லை.

"கப்பல்ல அந்தமானுக்கே போலாம் மேரி. எல்லாம் இதுல போட்டிருக்கு." சேலம் பஸ் ஸ்டாண்டில் வாங்கிய பச்சை அட்டைச் சுற்றுலா வழிகாட்டியை அவள் மடியில் வைத்தார். முன்பாதியில் மலைகள், பின்பாதியில் தீவுகள்.

விஷயம் தெரிந்ததும் லைன்மேன் மாரிசாமி தொலைபேசி நிலையத்து வாசலில் ஏணியைச் சாய்த்து வைத்துவிட்டு வந்தான். "ஏனுங்க மேடம், கப்பல்ல வாந்தி வந்தா பையி குடுப்பாங்களா, இல்ல நேரா கடல்லயேதானுங்களா?"

"கடல்லயேதான் மாரிசாமி. அப்புறம் அது உப்பாயி உங்க ஊட்டு ரசத்துக்கே வரும்."

அவன் சிரித்துக்கொண்டே போனான். மேரிக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு வழிகாட்டியைப் பிரித்தாள். தீவுகளின் பக்கத்துக்குப் போகவில்லை. ஏற்காட்டைத் தேடினாள். தனக்குத் தெரிந்த இடத்தைப் பற்றி இந்த ஆள் எவ்வளவு உண்மை சொல்கிறான் என்று பார்த்தால், தெரியாத இடத்தில் அவனை எவ்வளவு நம்பலாம் என்று தெரிந்துவிடும் அல்லவா?

"அருவியில் ஆண்டு முழுவதும் அச்சமின்றி நீராடலாம்" என்று இருந்தது. சித்திரையில் அங்கே காலை நனைக்கத் தண்ணீர் இருக்காது. ஐப்பசியில் ஆளை அடித்துக்கொண்டு போகும். அதற்குக் கீழே, காண வேண்டியவை என்ற தலைப்பில் ஏரி, பூங்கா, ஆரஞ்சுத் தோட்டம், அடுத்ததாக மலைமக்கள். "வெகுளிகள். புகைப்படம் எடுத்தால் மகிழ்வர்."

"ஏனுங்க, எங்கம்மாளும் பாக்க வேண்டிய எடமாங்க?"

தேவசிகாமணி கண்ணாடியை மேலேற்றிப் படித்துவிட்டுச் சங்கடப்பட்டார். "சரி, அது தப்புத்தான். ஒரு பக்கம் தப்பா இருந்தா பொஸ்தகமே தப்பாயிருமா?"

அவள் தீவுப் பக்கங்களையும் புரட்டினாள். அங்கேயும் அதே வாக்கியம். காட்டில் வாழ்கிற பழங்குடிகள், மானுக்கும் முதலைக்கும் நடுவில் ஒரு வரியில் உட்கார்ந்திருந்தார்கள். வெகுளிகளாம், புகைப்படம் எடுத்தால் மகிழ்வார்களாம். மனிதனைக் காட்சிப் பொருளாக்கி விற்கிறவனுக்கு மலையென்ன, தீவென்ன? அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் ஒன்பது வயது மகள் குமாரி, கப்பல் படத்தை வரைந்து கதவில் ஒட்டியிருந்தாள். அதைக் கிழிக்க மேரிக்கு மனம் வரவில்லை.

கோடைக்கு ஊரே மேலே ஏறி வருகிற நாட்களில் அவர்கள் கீழே இறங்கினார்கள். சென்னையிலிருந்து கப்பல். கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரு மேடுகூட இல்லாத தண்ணீரை மேரி அப்போதுதான் பார்த்தாள். பார்க்கவே பிடிக்காமல் பெரும்பாலும் கீழ்த்தட்டில் படுத்தே கிடந்தாள்.

போர்ட் பிளேரிலிருந்து படகில் இன்னொரு சின்னத் தீவுக்குப் போய் அறை எடுத்துத் தங்கினார்கள். மறுநாள் காலைப் பலகாரம் முடிந்ததும், வழிகாட்டி சொன்ன ஒதுக்குப்புறமான கடற்கரைக்கு நடந்தார்கள். ஆள் அரவமே இல்லை. எதிரே, கூப்பிடு தூரத்தில் ஒரு குட்டித் தீவு. நடுவில் நாலைந்து பாறைகள், கொஞ்சம் புதர், சுற்றி வெள்ளை மணல். தேவசிகாமணி புத்தகத்தைப் பிரித்து உரக்கப் படித்தார்: "எதிரேயுள்ள திட்டுக்கு முழங்கால் நீரில் நடந்தே சென்று வரலாம். குடும்பத்துடன் பொழுது போக்க ஏற்றது."

தண்ணீர் முழங்காலுக்கும் கீழேதான் இருந்தது. அடி மணல் பளிச்சென்று தெரிந்தது. மேரி அண்ணாந்து பார்த்தாள். பின்னால் தீவின் மேட்டுக்காடு, அதற்கு மேலே துடைத்து வைத்தாற்போல வானம். எங்கேயும் கறுக்கவில்லை. அவளே முதலில் புடவையைத் தூக்கிச் செருகினாள்.

"மேல சுத்தமா இருக்குதுங்க. போலாம்."

மூவரும் செருப்பைக் கழற்றினார்கள். மேரி பழக்கத்தில் ஒரு பாறையைத் தேடி, தண்ணீருக்கு ஒரு சாண் மேலே மூன்று ஜோடியையும் வரிசையாக வைத்தாள். குமாரியின் சிவப்புச் செருப்பு ஓரத்தில்.

திட்டில் நன்றாகத்தான் இருந்தது. குமாரி சங்கு பொறுக்கினாள். தேவசிகாமணி பாறை நிழலில் புத்தகத்தை மார்பில் கவிழ்த்துக்கொண்டு தூங்கிப் போனார். மேரி பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் குடித்தாள். கடலைப் பயமில்லாமல் பார்த்தது வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான்.

"அம்மா, என் செருப்பு நீந்துது!"

மேரி திரும்பினாள். கரைப்பாறையைக் காணோம். அது இருந்த இடத்தில் சிவப்பாக ஒன்று மேலும் கீழும் ஆடியது.

அவள் சட்டென்று வானத்தைப் பார்த்தாள். ஒரு பொட்டு மேகம் இல்லை. காற்றில்லை, இரைச்சலில்லை. ஓடை பெருகினால் முதலில் சத்தம் கேட்கும், பிறகு செத்தையும் சருகும் அடித்துக்கொண்டு வரும், பிறகுதான் தண்ணீர். இது பூனைபோல் வந்திருந்தது. எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்திருந்தது.

கணவரை உலுக்கி எழுப்பினாள். அவர் கண்ணைக் கசக்கிப் பார்த்துவிட்டு, அவசரமாகப் பக்கத்தைத் தேடினார். "முழங்கால் தண்ணின்னுதான் போட்டிருக்கு மேரி. கொஞ்சம் ஏறியிருக்கும், அவ்வளவுதான். கொழந்தைய நான் தோள்ல தூக்கிக்கறேன். சீக்கிரம் வா."

குமாரி அதற்குள் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவர் இறங்கினார். இரண்டு எட்டில் தொடை அளவு.

மேரிக்கு அந்த நேரம் அக்கரையில் ஒரு தராசு தெரிந்தது. இப்ப வராதவங்களுக்குக் கூலி கெடையாது. அன்றைக்கு மேஸ்திரி, இன்றைக்குப் பச்சை அட்டை. செருப்பு நனைந்த பிறகும் இறங்கச் சொல்கிற குரல் ஒன்றுதான்.

ஓடிப் போய் மகளின் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். "கொழந்தைய உடுங்க! செருப்பு நனைஞ்சிருச்சு. எறங்கக் கூடாது!"

"அது ஓடைக்குச் சொன்னது, மேரி!"

"தண்ணி தண்ணிதானுங்க! நான் எம் பிள்ளையக் குடுக்க மாட்டேன்!"

அவள் அந்த மாதிரிக் கத்தி அவர் கேட்டதில்லை. குமாரியைப் பிடுங்கிக்கொண்டு மேரி மேட்டில் போய் விழுந்தாள். வாத்தியாருக்கு ரோஷம். "நான் போயி ஆழம் பாத்துட்டு வரேன்" என்று தனியாக நடந்தார். இடுப்பு. நெஞ்சு. பிறகு பக்கவாட்டில் ஏதோ தள்ளியதுபோல் அவர் சாய்ந்தார். தலை மறைந்தது; தள்ளி வேறோர் இடத்தில் எழுந்தது. குமாரி வீறிட்டாள். திட்டின் வாலில் நீண்டிருந்த பாறையில் அவர் கை பட்டதால் பிழைத்தார். முழங்கை கிழிந்து, உப்புத் தண்ணீரைக் கக்கிக்கொண்டு தவழ்ந்து வந்து சேர்ந்தார். மூக்குக் கண்ணாடி போய்விட்டது. புத்தகம் மட்டும், எப்படியோ, கையில் இருந்தது.

அப்புறம்தான் நிஜமான பயம் தொடங்கியது. மணல் சுருங்கிக்கொண்டே வந்தது. ஓடையில் மழை நின்றால் வெள்ளம் வடியும். இங்கே மழையே இல்லாமல் ஏறுகிற தண்ணீரை நிற்கச் சொல்வது யார்?

"எதுவரைக்கிங்க ஏறும்?"

"தெரியல."

"பொஸ்தகத்துல?"

அவர் புத்தகத்தைக் கீழே வைத்தார். கும்பிட்டுக் கண்ணை மூடினார். மூடநம்பிக்கை என்று பள்ளியில் பாடம் எடுக்கிற மனிதர்.

மேரி கண்ணை மூடவில்லை. மூடினால் தண்ணீர் வருவது தெரியாதே. அந்தப் பயம்தான் அவளைப் பார்க்க வைத்தது. பாறைகளின் அடியில், காய்ந்து கறுத்த கடற்பாசியும் சுள்ளியும் உடைந்த சிப்பியும் ஒரு கோடாகக் கிடந்தன. கோட்டுக்குக் கீழே வெறும் மணல். மேலே புல் முளைத்திருந்தது. ஊரில் வெள்ளம் வடிந்த பிறகு கிளைகளில் செத்தை தொங்கும். போன வருஷம் தண்ணீர் எதுவரை வந்தது என்பதை அது காட்டும். உப்புத் தண்ணீர் படுகிற இடத்தில் புல் நிற்குமா?

"ஏனுங்க, கண்ணத் தொறங்க. இந்தக் கோட்டுக்கு மேல ஏறுங்க."

மூவரும் கோட்டுக்கு மேலே, பாறைமேல் ஒடுங்கினார்கள். அவள் கணக்கு சரிதானா என்று அவளுக்கே தெரியாது. வானத்தைப் பார்த்துப் போட்ட முதல் கணக்கு தப்பாய்ப் போனதே! குமாரி, "செத்துப் போயிருவமாம்மா?" என்று கேட்டாள். "இல்ல கண்ணு" என்றாள் மேரி. ஆபரேட்டர் குரல். கீழே ஒவ்வோர் அலையும் நாக்கை நீட்டி மணலை நக்கிவிட்டுப் போனது. பாசிக்கோட்டைத் தொட்டது. ஒரு பகுதியைத் தூக்கி மேலே போட்டது. மேரி மகளின் முகத்தைத் தன் வயிற்றில் அழுத்திக்கொண்டு, புல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புல் நனையவில்லை.

வெகுநேரம் கழித்து, கோட்டுக்குக் கீழே ஒரு விரல் அகலத்துக்கு ஈர மணல் மினுங்கியது. அதைக் கண்டதும்தான் அவளுக்கு அழுகை வந்தது. இருட்டுமுன் கரைப்பாறையின் தலை தெரிந்தது. அது முழுதாக வெளியே வரும்வரை அவள் ஒருவரையும் இறங்க விடவில்லை. செருப்பில்லாமல் அறைக்கு நடந்தார்கள்.

ஏற்காடு திரும்பிய பிறகு, நாத்தனார் மரியசெல்வி நன்றிப் பூசைக்குக் கொடுக்கச் சொன்னாள். "கடவுள்தான் உங்களக் காப்பாத்துனாரு, அண்ணி."

"பூசைக்கு நீங்க குடுங்க. அந்தப் பொஸ்தகத்த எழுதுனவன நான் கேக்கணும்."

பணி முடிந்த ஒரு மதியம், தன் பெயரிலேயே கட்டணச் சீட்டுப் போட்டுக்கொண்டு, சென்னைக்கு ட்ரங்க் கால் பதிந்தாள். பதிப்பாளர் எடுத்தார். தண்ணீர் ஏறி இறங்கும் நேரத்தைப் பற்றி ஒரு வரிகூட ஏன் இல்லை என்று கேட்டாள்.

"அம்மா, எழுதினவர் வயசானவர். அங்கெல்லாம் போனதில்ல. பழைய பொஸ்தகங்களப் பாத்து எழுதினார்."

"ஏற்காட்டுக்காச்சும் வந்திருக்காருங்களா?"

"மலை ஏறினா அவருக்கு மயக்கம் வரும்மா."

"அந்தத் திட்டுல எம் பிள்ளை செத்திருப்பா. பக்கத்த மாத்துவீங்களா?"

"இருக்கிற பிரதியெல்லாம் வித்து முடியட்டும்."

மேரி கம்பியைப் பிடுங்கினாள். வெளியே வந்தாள்.

பஸ் ஸ்டாண்டில் கோடைக் கூட்டம். தின்பண்டக் கடையின் கயிற்றில் பச்சை அட்டைகள் தொங்கின. ஈரோட்டுப் பக்கத்துக் குடும்பம் ஒன்று, கைக்குழந்தையோடு, அதில் ஒன்றைப் பிரித்து வைத்துப் பேசிக்கொண்டிருந்தது. பின்பாதிப் பக்கங்கள். அறிமுகமில்லாதவர்களிடம் வலியப் போய்ப் பேச மேரிக்கு எப்போதும் பயம். கம்பிக்கு இந்தப் பக்கம் முகம் தெரியாமல் இருந்தே பழகியவள்.

அவர்கள் பக்கமாக நடந்தாள்.

"ஏனுங்க, தீவுக்குப் போறீங்களா? ஒரு நிமிசம் நில்லுங்க. அந்தப் பக்கத்துல ஒண்ணு உட்டுட்டாங்க."