வித்வான் கோபித்துக்கொண்ட முகூர்த்தம்

நாலு ஜில்லா கொண்டாடுகிற ஒரு மனிதர் கல்யாணப் பந்தலில் நிதானம் தவறிக் கத்தினால், பார்க்க வந்தவர்களுக்கு அது ஒரு மாதத்துப் பேச்சு. அந்தப் பந்தலைப் போட்டவனுக்கு எப்படி இருக்கும் என்று என்னைக் கேளுங்கள். போட்டவன் நான். கல்யாணம் என் தங்கைக்கு.

அப்பா காலமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நான் மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் துணி கிழித்துக் கொடுக்கும் வேலையில் இருந்தேன். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு என்னை விட்டுவிட்டது. மிச்சத்தைக் கடைக்கு வருகிற ஜனங்களின் வாயிலிருந்து கற்றுக்கொண்டேன். ஒரு சேலை எடுக்க ஒன்பது பேச்சுப் பேசுகிற ஊர் மதுரை. அந்த நாயன வித்வானைப் பற்றியும் கடையில்தான் முதலில் கேள்விப்பட்டேன்.

"அவரு நாயனத்துல ஏழு ஓட்ட, கோவத்துக்கு எழுபது ஓட்ட" என்றார் ஒருவர்.

"வாயில சீவாளி இருக்கிற வரைக்கும் பயமில்லண்ணே. எடுத்துட்டாருன்னா எட்டி நின்னுக்கங்க" என்றார் இன்னொருவர். சீவாளி என்பது நாயனத்தின் நுனியில் செருகி ஊதுகிற நாணல்.

சிரித்துவிட்டு அவரையே பேசி முடித்தேன். பெயரைச் சொல்ல மாட்டேன். அவர் வாசித்துக் கேட்டவர்களுக்குப் பெயர் வேண்டியதில்லை. கேட்காதவர்களிடம் கோபத்தை மட்டும் சொல்லிப் பெயரையும் கொடுப்பது நியாயமில்லை.

அவரைத்தான் அழைப்பேன் என்று நான் ஒற்றைக்காலில் நின்றதற்குக் காரணம் உண்டு. தங்கைக்கு முந்தின வருஷம் ஓரிடத்தில் பரிசம் போட்டு நின்றுபோயிருந்தது. பரிசம் போட்ட மறுநாளே மாப்பிள்ளை வீட்டு உழவுமாடு செத்துவிழ, பெண் ராசி சரியில்லை என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். அதிலிருந்து அவள் பெண்கள் கூடுகிற கிணற்றடிக்குப் போவதை நிறுத்திக்கொண்டாள். இப்போது வந்தது இரண்டாவது சம்பந்தம். மாப்பிள்ளை தங்கமான பையன். அவருடைய தாய்மாமன் மட்டும் பழைய கதை காதில் விழுந்து, ஒரு கால் உள்ளே ஒரு கால் வெளியே என்று நின்றுகொண்டிருந்தார். பெரிய வித்வான் மேளத்தோடு தாலி ஏறினால் எவனுக்கும் வாய் திறக்கத் தோன்றாது என்று நினைத்தேன்.

திருமங்கலத்திலிருந்து கரிசல் காட்டுக்குள் நாலு மைல் போனால் எங்கள் கிராமம். வித்வான் வாடகை மோட்டாரில் வந்து இறங்கினார். அப்போதெல்லாம் அதைப் பிளஷர் என்போம். பிளஷர் எங்கள் தெருவுக்குள் வந்ததே அன்றைக்குத்தான். காதில் கடுக்கன், தோளில் பட்டு, கூடவே தொந்தி பெருத்த ஒரு தவில்காரர். அடுத்த வீட்டில் இறக்கி, குளிக்க வெந்நீரும் பலகாரமும் கொடுத்தோம்.

இனிமேல்தான் என் புத்திசாலித்தனம். சிம்மக்கல்லில் ஒரு கடையிலிருந்து கிராமபோன் பெட்டியும் பத்துத் தட்டும் வாடகைக்கு எடுத்து வந்திருந்தேன். அதில் ஒரு தட்டு அந்த வித்வான் வாசித்தது. அவர் பந்தலுக்குள் காலெடுத்து வைக்கிற நேரம் அவருடைய நாயனமே அவரை வரவேற்க வேண்டும், மனுஷன் உச்சி குளிர்ந்துபோவார் என்று எனக்குள் ஒரு நினைப்பு. அவர் தலை தெரிந்ததும் ஊசியை இறக்கினேன்.

வித்வான் வாசலிலேயே நின்றுவிட்டார். முகம் மெல்ல மெல்லச் சிவந்தது. சந்தோஷத்தில் சிவக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன்.

"யாருடா வச்சது?"

"நாந்தாங்கய்யா" என்றேன், பல் தெரிய.

"நான் உசுரோட வந்து நிக்கிறேன். எனக்கு முன்னாடி இத ஊதவிட்டா அப்புறம் நான் எதுக்குடா? இதுக்குச் சோறு வேணாம், வெத்தல வேணாம். தாலிக்கும் இதையே வச்சுக்கங்க!" கிட்டே வந்துவிட்டார். "ரெண்டு மணி நேரம் வாசிக்கிற ராகம். மூணு நிமிசத்துல முடின்னு என் கழுத்த நெரிச்சு எடுத்த தட்டுடா இது. இதையா ஊரக் கூட்டிக் கேக்குறீங்க?"

தட்டைப் பிடுங்கிப் பந்தக்காலில் ஓங்கி அடித்தார். கறுப்புத் துண்டுகள் தெறித்தன. ஒன்று மாப்பிள்ளையின் அத்தை மடியில் போய் விழுந்தது. அதோடும் விடவில்லை. நாயனத்தை உறைக்குள் போட்டு நாடாவை இறுக்கிக் கட்டி, எல்லாரும் பார்க்கத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார்.

"இனி இந்த ஊர்ல என் நாயனம் உறைய விட்டு வெளிய வராது. என் குருநாதர் மேல சத்தியம்!"

விடுவிடுவென்று போய்ப் பிளஷருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

பந்தலில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் மடியிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"தம்பி, முகூர்த்தப் பந்தல்ல ஒண்ணு ஒடஞ்சுபோச்சு. அதையே நான் எப்படி எடுத்துக்கிறதுன்னு தெரியல. கெட்டிமேளமும் இல்லாம எங்க பையன் தாலி கட்ட மாட்டான். அரை மணி இருக்கு. அதுக்குள்ள பாருங்க. இல்லேன்னா யோசிக்க வேண்டியதுதான்."

யோசிப்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். மணவறைப் பக்கம் பார்த்தேன். தங்கை குனிந்த தலை நிமிராமல் இருந்தாள்.

காப்பி எடுத்துக்கொண்டு பிளஷரிடம் ஓடினேன். வித்வான் டம்ளரை வாங்கினார், குடிக்கப்போகிறார் என்று பார்த்தால் அப்படியே என் பட்டுக்கரை வேட்டி மேல் வீசினார். "வண்டிய எடுக்கச் சொல்லுடா!" என்று கத்தினார். தெய்வாதீனமாக டிரைவர் முதல் பந்தியில் உட்கார்ந்திருந்தார். போய் விஷயத்தைச் சொன்னேன், வண்டியை எடுக்கச் சொல்ல அல்ல, எடுக்காமல் தடுக்க.

"ஐயா அவசரப்படுறாராக்கும்? அம்புட்டு அவசரம்னா அவரையே ஓட்டிட்டுப் போகச் சொல்லுங்கண்ணே. இன்னும் பாயாசமே வரல" என்றார் அவர். அந்த நிமிஷம் அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

தவில்காரர் பிளஷருக்குப் பின்னால் நின்று நிம்மதியாக வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். நான் அழுதுவிடுவேன் என்று தோன்றியிருக்க வேண்டும், பக்கத்தில் கூப்பிட்டார்.

"பதினெட்டு வருசமா கூடப் போறேன் தம்பி. கோவம் இந்நேரம் எறங்கியிருக்கும். இப்ப உள்ள உக்காந்திருக்கிறது வெக்கம். அதுக்கு மேல சத்தியம் வேற பண்ணித் தொலச்சுட்டாரு. குருநாதர் மேல பண்ணினதை மீற மாட்டாரு. வேற மேளம் இருந்தாப் பாருங்க."

வேறு மேளம் கூட்டத்திலேயே இருந்தது. எங்கள் ஊர்க் கோவிலில் நாயனம் வாசிக்கிறவர், வித்வானைக் கேட்க வேண்டும் என்று விடியற்காலையிலேயே வந்து பந்தல் ஓரம் நின்றிருந்தார். ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன். கையை உருவிக்கொண்டார்.

"என்ன தம்பி பேசுற? அம்புட்டுப் பெரியவரு பக்கத்துல இருக்கையில நான் ஊதுறதா? அவரு உத்தரவு இல்லாம வாயில வச்சேன்னா என் சீவாளி அவிஞ்சுபோகும்."

"என் தங்கச்சி கல்யாணம்ணே."

அவர் என்னைப் பார்த்தார். போன வருஷத்துக் கதை ஊருக்கே தெரியும். வீட்டுக்கு ஓடி நாயனத்தை எடுத்து வந்தார். மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நேரே பிளஷரிடம் போனார். நான் தடுக்கப் பார்த்தேன், கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் குனிந்து கும்பிட்டார்.

"ஐயா, நான் இந்த ஊரு நாயனம். ஐயா இருக்கிற எடத்துல ஊத எனக்கு யோக்கியத இல்ல. தாலிக்கு மட்டும் கெட்டிமேளம் கொட்டிக்கிறேன். உத்தரவு குடுங்க. ஐயா மனசுல வருத்தத்த வச்சுக்கிட்டா அந்தப் பொண்ணுக்கு ஆகாது."

வித்வான் திட்டப்போகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தமே வரவில்லை. திறந்து பார்த்தால், ஜன்னல் வழியே கை நீட்டி எங்கள் ஊர்க்காரரின் நாயனத்தை வாங்கி வைத்துக்கொண்டிருந்தார். நூல் சுற்றின, நுனி பிய்ந்த சீவாளி அதில் இருந்தது.

"இத வச்சா தாலிக்கு ஊதப்போற? யாருய்யா உனக்குச் சீவாளி கட்டிக் குடுத்தது?"

"நானே கட்டுனதுங்க."

"தெரியுது."

தன் மடியில் வைத்திருந்த சீவாளிக் கொத்திலிருந்து சின்னதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். நாக்கில் நனைத்து, விரலால் நீவி, அந்த நாயனத்தில் பொருத்தினார். சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரே ஒரு மூச்சு விட்டார். அவ்வளவுதான். பந்தல் முழுவதும் திரும்பிப் பார்த்தது. இன்னொரு மூச்சு. மூன்றாவதில் அது ராகமாகிவிட்டது. தவில்காரர் பாதி வெற்றிலையைத் துப்பிவிட்டுத் தவிலைத் தோளில் மாட்டிக்கொண்டே, "அவரு நாயனம் உறையிலதான் இருக்கு தம்பி. இது உங்க ஊரு நாயனம். கதவத் திறங்க!" என்றார்.

கதவைத் திறந்தேன். வித்வான் வாசித்தபடியே இறங்கினார், வாசித்தபடியே நடந்தார். எங்கள் ஊர்க்காரர் அவருக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நடந்தார். கண்ணில் பொலபொலவென்று நீர். தாய்மாமன் கடிகாரத்தைக் கையில் பிடித்தபடி வழிவிட்டு ஒதுங்கினார். கையில் இருப்பதை அவர் மறந்தேபோனார். கெட்டிமேளம் என்று யாரோ கத்த, தவில் இடியாக இறங்க, அந்தச் சத்தத்துக்குள் தாலி ஏறியது.

பிறகு பந்தியில் வித்வானும் எங்கள் ஊர்க்காரரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். சீவாளிக்கு எந்த ஊர் நாணல் நல்லது என்று பாயாசம் ஆறும்வரை அவர் சொல்ல, இவர் கேட்டுக்கொண்டிருந்தார். என்னிடம் மட்டும் வித்வான் ஒரு வார்த்தை பேசவில்லை. புறப்படும்போது என் வேட்டியின் காப்பிக் கறையைப் பார்த்தார். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

"ஒடஞ்சதோட திருஷ்டி கழிஞ்சுதுன்னு வச்சுக்குவோம்" என்று தாய்மாமன் அவர் வாயாலேயே நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மணவறையை விட்டு எழுந்து வந்த தங்கை என் முன்னால் நின்றாள். அன்று முழுவதும் அவள் பேசின முதல் பேச்சு அதுதான்.

"ஒக்காருண்ணே. விடிஞ்சதுலேருந்து நிக்கிற."

உட்கார்ந்தேன். பந்தக்காலில் சாய்ந்ததுதான் தெரியும். மேளமும் பிள்ளைகள் கூச்சலும் நடக்க நடக்க, பட்டப்பகலில், வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போனேனாம்.