வெள்ளையன் பழகும் வரை

இங்கே ஸ்டுட்கார்ட்டில் நாய்களும் ரயிலில் வேலைக்குப் போய் வருகின்றன. காலையில் என் எதிர் இருக்கைக்கு அடியில் பழுப்பு நாய் ஒன்று படுத்திருக்கும். ரயில் நான்கு நிமிடம் தாமதமானால் நான் மூன்று முறை கைபேசியைப் பார்ப்பேன், எழுந்து கதவருகே நிற்பேன், திரும்ப வந்து உட்காருவேன். அது காதைக்கூட அசைக்காது. பார்க்கப் பார்க்க எரிச்சலாக வரும். ஊரில் வேறொரு நாய் ஆறு வாரமாக என்னை இருப்புக்கொள்ள விடாமல் செய்கிறது என்பதுதான் காரணம்.

ராஜபாளையத்தில் அப்பா தனியாக இருக்கிறார். நூற்பாலையில் ஷிப்டு பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு அவருக்குத் துணை வெள்ளையன்தான். எங்கள் ஊர் ஜாதி நாய். வளர்த்தவர் கையைத் தவிர வேறு கையில் லேசில் தின்னாது. போன ஐப்பசியில் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து, பக்கத்து வீட்டுக்காரர் பார்க்கும்வரை அரை நாள் அப்படியே கிடந்திருக்கிறார். அதைக் கேட்ட அன்றே, அவரை இங்கே கூட்டி வந்துவிடுவது என்று முடிவு செய்தேன். அலைந்து திரிந்து விசாவும் வாங்கியாயிற்று. அதில் குறித்த தேதிக்குள் அவர் வந்து சேர வேண்டும்.

இரண்டு வார விடுப்பில் போனேன். அப்பாவோடு மில்லில் வேலை பார்த்த முருகேசன் மாமாவுக்குச் செண்பகத்தோப்பில் மாந்தோப்பு. நாயை அவரிடம் விடுவதாக ஏற்பாடு.

"ஏலே, செத்த பொறு" என்றார் அப்பா. "மொதல்ல நான் சோத்தப் பெசஞ்சு தாரேன், அவன் வைக்கட்டும். பொறவு அவனே பெசையட்டும். ஒரு மாசம் ஆகும்லே."

என்னிடம் ஏது மாதம்? ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை. அப்பா கண் பரிசோதனைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, வெள்ளையனின் வாயைத் துண்டால் கட்டி லோடு ஆட்டோவில் ஏற்றி, ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டிக் கொண்டுபோய் மாமரத்தில் கட்டிவிட்டு வந்தேன். நான்கு நாள் அது சோற்றை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஐந்தாம் நாள் முருகேசன் மாமா போன் செய்தார். "மாப்ள, ஒங்க அப்பாவ வரச் சொல்லு. இது செத்துப்போயிரும் போலருக்கு."

அப்பா என்னைத் திட்டவில்லை. இரண்டு வேட்டியை மஞ்சப்பையில் திணித்துக்கொண்டு, "அது பழகட்டும், வாரேன்" என்று தோப்புக்குப் பஸ் ஏறிவிட்டார். நான் தனியாக விமானம் ஏறினேன். வழியெல்லாம் என் மீதே கோபம்.

அலுவலகத்தில் உடன் வேலை பார்க்கும் ஸபினே, அப்பா எப்போது வருகிறார் என்று கேட்டாள். "நாய் சாப்பிட ஆரம்பித்ததும்" என்றேன். நம்மூரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அவள் முகம் வாடிவிட்டது. மறுநாள், வயிற்றுக்கு இதமானது என்று நாய் பிஸ்கட் பாக்கெட் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். அதன் வயிற்றில் கோளாறு ஒன்றுமில்லை என்று விளக்க என் ஜெர்மன் போதவில்லை. வாங்கிக்கொண்டேன்.

தினமும் வீடியோவில் அப்பாவை நச்சரிப்பேன். தினமும் ஒரே பதில்தான். நேற்று, விசா முடிய எட்டு நாளே இருந்த நிலையில், மறுபடி கூப்பிட்டேன். அப்பாவின் முகம் தெளிந்திருந்தது. அவர் தோளுக்குப் பின்னால் முருகேசன் மாமா தட்டோடு வந்தார். வெள்ளையன் வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவந்து, அவர் நீட்டிய சோற்று உருண்டையைக் கையிலிருந்தே தின்றது.

"இன்னும் பழகலலே" என்றார் அப்பா.

சுருக்கென்றது. பின்னால் திரும்பிப் பாருங்கள் என்று கத்த வாய் துறுதுறுத்தது. ஆனால் அங்கே அவரைச் சாப்பிடக் கூப்பிட ஓர் ஆள் இருந்தார். இங்கே நான் காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் மாலை ஆறுக்குத்தான் வீடு திரும்புவேன். அதுவரை அவர் யாரோடு பேசுவார்?

"அவசரமில்லப்பா. பழகட்டும்" என்றேன்.

அப்பா கைபேசியை முகத்தருகே கொண்டுவந்தார். பிறகு கேட்டார்: "ஒனக்கு அந்த ஊரு பழகிருச்சாலே?"

நான் இங்கே வந்து பதினோரு வருடமாகிறது.

"பழகிருச்சுப்பா."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரிலே" என்றார்.