மேஸ்திரி கேட்ட மணி

என் பீரோவின் கீழ்த்தட்டில், பென்ஷன் காகிதங்களுக்கு அடியில், ஒரு பழுப்பு உறை இருக்கிறது. உறைக்குள் ஒரு சின்னப் பித்தளை மணி. ஆட்டுக்குட்டியின் கழுத்தில் கட்டுவார்களே, அந்த அளவு. உறையின் மேல் என் கையெழுத்தில், 'மனுதாரரிடமிருந்து பெறப்பட்டது. விசாரணை முடிந்தபின் திருப்பித் தரப்பட வேண்டியது' என்று எழுதியிருக்கிறது. முப்பத்து நான்கு வருஷம் தாலுகா அலுவலகங்களில் குப்பை கொட்டி, தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றவள் நான். எந்தப் பொருள் கைக்கு வந்தாலும் அதற்கு ஓர் உறையும், உறைக்கு ஒரு குறிப்பும் எழுதாமல் இருக்க எனக்கு வராது. எழுதியபடி நடந்துகொண்டேனா என்பது வேறு விஷயம்.

2004இல் ஓய்வு பெற்று, காலமான கணவரின் மரக்காணத்து வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அந்த வருஷக் கடைசியில் கடல் ஊருக்குள் வந்து போனது. அதற்குப் பிறகு ஒரு வாரம் கழித்து, கொல்லைச் சுவரின் மேல் ஒரு பூனை உட்கார்ந்திருந்தது. தலை முதல் வால்வரை வெள்ளை, ஒரு புள்ளிகூட இல்லை. யார் வீட்டுப் பூனை என்று நாலு தெரு விசாரித்தேன், உரிமை கோரி ஒருவரும் வரவில்லை. கேட்பாரற்ற சொத்து கையில் வைத்திருப்பவருக்கே என்று முடிவு செய்து, சோறு வைத்தேன். பெயர் வைக்கவில்லை. வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டு பேர், யாரைக் கூப்பிடுகிறேன் என்ற குழப்பம் வர வழியில்லை. ஆனால் அது வந்த பிறகுதான் அந்த வீட்டில் நான் வாய்விட்டுப் பேச ஆரம்பித்தேன். ஓய்வு பெற்றவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

பக்கத்து வீட்டுக்காரர் உப்பளத்து மேஸ்திரி. எந்தப் பாத்தியில் இன்றைக்கு உப்பு வாரலாம், எதை இன்னும் இரண்டு நாள் காயவிடலாம் என்று சொல்வது அவர் வேலை. அவர் சொன்ன பிறகுதான் ஆட்கள் பலகையை எடுத்துக்கொண்டு பாத்தியில் இறங்குவார்கள். அறுபதைத் தொட்ட மனிதர், அதிர்ந்து பேசாதவர். எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு சந்து, சந்தின் முடிவில் தெருவுக்கு இறங்க மூன்று படிகள். படிகளுக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தோம். கீழ்ப்படியின் குளிர்ச்சி பூனைக்குப் பிடித்துப்போனது. மேஸ்திரி விடியுமுன் அளத்துக்குக் கிளம்பும் வழியும் அதுதான்.

"ஹெட் கிளார்க்கம்மா, உங்க பூனை படியிலயே படுத்துக்குது. கால்ல மாட்டுது" என்றார் முதல் நாள்.

"படுத்திருந்தா தாண்டிப் போங்க மேஸ்திரி. உங்க கால் நீளமான கால்தானே?"

"வேணும்னே வந்து படுக்குதும்மா."

வேண்டுமென்றே படுக்கும் பூனை! சிரித்துக்கொண்டே உள்ளே போனேன். பிறகு புகார்கள் வரிசையாக வந்தன. காயப்போட்ட வேட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டு நகர மாட்டேன் என்கிறது. தண்ணீர்க் குடத்தை அவர் காலில் உருட்டிவிட்டது. ஒன்றல்ல, நான் இரண்டு பூனை வைத்திருக்கிறேன், ஒன்றைக் காட்டி ஒன்றை மறைக்கிறேன். ஒருநாள் காலை அவர் சந்தில் நின்று "சூ, போ, போன்னா போவுதா பாரு" என்று விரட்டிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். பூனை என் காலடியில் இருந்தது. அவர் விரட்டிக்கொண்டிருந்தது சுவரோரம் கிடந்த காலி யூரியா சாக்கை. இதையும் தேதி போட்டுக் குறித்து வைத்தேன். எதிர்த்தரப்பின் நம்பகத்தன்மையைக் குலைக்கும் என்பது என் கணக்கு.

சித்திரையில் ஒரு நாள் நெற்றியில் கட்டுடன் வந்தார். படியில் விழுந்திருக்கிறார். கையில் இந்த மணி.

"ஆடு மேய்க்கிறவங்கிட்ட கேட்டு வாங்கியாந்தேம்மா. இத அது கழுத்துல கட்டிடுங்க, போதும். வேற ஒண்ணும் நான் கேக்கல."

கட்டியிருக்கலாம். ஒரு நிமிஷ வேலை. ஆனால் அவர் என் பூனையைக் குற்றவாளியாக்கி அடையாளம் போடச் சொல்வதாக எனக்குப் பட்டது. "எழுத்துமூலமா குடுங்க மேஸ்திரி, பரிசீலிக்கிறேன்" என்றேன். கிண்டலாகத்தான் சொன்னேன். வாழ்நாள் முழுக்கச் சொன்ன வாக்கியம், கிண்டலுக்கும் உத்தரவுக்கும் குரலில் வித்தியாசம் இல்லாமல் போயிருந்தது. அவர் தலையாட்டிவிட்டு, மணியைச் சுவர்மேல் வைத்துவிட்டுப் போனார்.

மனு வந்தது, எனக்கல்ல, காவல் நிலையத்துக்கு; எனக்கு வந்தது அதன் நகல். மேஸ்திரிக்கு எழுதத் தெரியாது. மரத்தடியில் மனு எழுதுகிறவரிடம் போயிருக்கிறார். அந்த ஜாதியை நான் அறிவேன். வந்தவர் தலைவலி என்றால், தலையைக் கொய்ய முயற்சி என்று எழுதுவார்கள். 'உயிருக்கு ஊறு விளைவிக்கும் உள்நோக்கத்துடன் பழக்கி ஏவிவிடப்பட்ட சாம்பல் நிறப் பூனை' என்று ஆரம்பித்தது மனு. இரண்டாவது மனுவில் பூனை செவலை நிறமாயிற்று. மூன்றாவதில் இரண்டு பூனைகள், அவற்றைச் சாக்கில் பிடித்துக் கழிவெளி ஏரிக்கு அப்பால் கொண்டுபோய் விட உத்தரவிட வேண்டும் என்ற கோரிக்கையும் சேர்ந்தது. மணி கட்டும் விஷயம் கடைசிப் பக்கத்தின் கடைசி வரிக்குப் போய்விட்டது.

சாக்கு என்ற சொல்லை இரண்டு முறை படித்தேன். அன்றிரவு பூனையை அறைக்குள் வைத்துக் கதவைத் தாழிட்டேன். மறுநாள் பேனாவை எடுத்தேன். ஏழு பக்கப் பதிலுரை, மூன்று இணைப்புகள். ஒரே மனுதாரர், ஒரே பிராணி, மூன்று நிறங்கள்; ஆகவே மனு முழுவதும் கற்பனை. கழுத்தில் மணி கட்டுமாறு கோர எந்தச் சட்டத்திலும் இடமில்லை. இப்படிப் போனது. இன்று படித்தாலும் அதில் ஒரு பிழை காண முடியாது.

ஸ்டேஷனில் இருந்தவர்கள் சிரித்து, ஊருக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். பொதுவான மனிதராக அளத்து முதலாளியை வைத்துக்கொண்டு, அவருடைய உப்புக் கிடங்கின் தாழ்வாரத்தில் ஒரு சாயங்காலம் கூடினோம். பத்துப் பதினைந்து ஆட்கள் வேடிக்கை பார்க்க நின்றார்கள். நான் கோப்புடனும், பூனையை வைத்த மூடிபோட்ட கூடையுடனும் போனேன். அடையாள அணிவகுப்பு நடத்தாமல் எந்த விசாரணையும் முழுமையாகாது அல்லவா?

கூடையைத் திறந்து வைத்தேன். பூனை நிதானமாக வெளியே வந்து, சோம்பல் முறித்து, அடுக்கி வைத்திருந்த வெள்ளை உப்பு மூட்டைகளின் மேல் ஏறி உட்கார்ந்தது. எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

"மேஸ்திரி, உங்க கால்ல மாட்டுற பூனை இதுதானா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க. இது என்ன நிறம்?"

மேஸ்திரி என் குரல் வந்த பக்கம் பார்த்தார். பிறகு கூடையைப் பார்த்தார். கொஞ்சம் குனிந்தும் பார்த்தார்.

"இதுதாம்மா. கூடையில குந்திக்கினு என்னியே மொறைக்குதே, இதான்" என்றார்.

கூட்டம் வெடித்துச் சிரித்தது. "யோவ் மேஸ்திரி, வெறுங்கூடை மொறைக்குதாய்யா உன்னை?" என்று ஒருவன் கத்தினான். "மணிய கூடைக்குக் கட்டிடுங்கம்மா!" என்றான் இன்னொருவன். நானும் சிரித்தேன். மூட்டையிலிருந்து பூனையைத் தூக்கி, எல்லாருக்கும் காட்டினேன். வழக்கு முடிந்தது.

முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. மேஸ்திரியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் ஆள் தோற்றுப்போன சங்கடம் அது என்று நினைத்தேன். மேஸ்திரி யாரையும் பார்க்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தூணைத் தொட்டுத் தொட்டு வெளியே நடந்தார். அவர் தூணைத் தொட்டதை நான் பார்த்தேன். பார்த்தேன் என்பதைத் தவிர அதைக்கொண்டு எதுவும் செய்யவில்லை.

மறுநாள் விடியுமுன் சந்தில் காலடிச் சத்தம் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் அவர் மனைவி கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். சண்டைக்கு வரவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"வூட்டோட இருந்துக்கங்க மேஸ்திரின்னு மொதலாளி ஆள் அனுப்பிச் சொல்லிட்டாரும்மா" என்றார். "ரெண்டு வருஷமா கண்ணு மங்கிப்போச்சி. அளத்துல ஒருத்தருக்கும் தெரியாது. எனக்கு மட்டுந்தான் தெரியும்."

"அவர் என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"உங்ககிட்ட சொன்னா நீங்க எழுதி வெப்பீங்களே."

அவர் ஒன்றொன்றாகச் சொன்னார். மேஸ்திரி சைக்கிளை விட்டுவிட்டு நடந்து போக ஆரம்பித்தது, ஊரில் சொல்லிக்கொண்டபடி சர்க்கரை வியாதிக்காக அல்ல. பாத்தியில் வெறுங்காலுடன் இறங்கி, பாதத்தின் கீழ் உப்பு நெரிபடும் பதத்தை வைத்து, வாரலாமா கூடாதா என்று சொல்லியிருக்கிறார். இறங்காமலே சொல்லுகிற மற்ற மேஸ்திரிகளைவிட இவர் கெட்டிக்காரர் என்று ஆட்கள் பேசிக்கொண்டார்களாம். வரப்பு, மதகு, கிடங்கு, எல்லாம் காலுக்கு மனப்பாடம். வீட்டிலிருந்து அளம்வரை எத்தனை அடி என்றுகூட எண்ணி வைத்திருந்தார். அந்தப் பாதையில் தினம் இடம் மாறுகிற பொருள் ஒன்றே ஒன்றுதான். அது சுண்ணாம்புப் படியில் படுத்த வெள்ளைப் பூனை. அதற்குத்தான் மணி.

என் கோப்பை எடுத்துப் பார்த்தேன். சாம்பல், செவலை, இரண்டு பூனை, யூரியா சாக்கு. ஒரு மனிதனின் பார்வை எப்படிக் குறைந்து போயிற்று என்பதைத் தேதிவாரியாக நானே எழுதி வைத்திருந்தேன். எந்த டாக்டரும் அவ்வளவு ஒழுங்காகக் குறித்திருக்க மாட்டார். அத்தனையையும் எழுதிவிட்டு, கீழே பொய் என்று கோடு போட்டிருந்தேன்.

பிறகு எனக்குத் தெரிந்ததை எல்லாம் செய்தேன். தெரிந்தது நடைமுறை ஒன்றுதானே. விண்ணப்பங்கள் எழுதினேன், சான்றிதழ்கள் வாங்கினேன், பாண்டிச்சேரிக்குக் கூட்டிப்போய் ஆஸ்பத்திரி வரிசையில் அவருடன் நின்றேன். நாற்பது வருஷம் வெயிலில் வெள்ளைப் பாத்திகளைப் பார்த்த கண். ஒன்றில் ஓரளவு தேறும், மற்றது போனது போனதுதான் என்றார் டாக்டர். பஸ்ஸில் திரும்பி வரும்போது மேஸ்திரி, "உங்களுக்குத்தாம்மா வீண் அலைச்சல்" என்றார். குத்தலாகச் சொன்னாரா என்று குரலில் தேடினேன். இல்லை.

அந்த வாரம் உறையைப் பிரித்து, மணியைச் சிவப்பு நாடாவில் கோத்துப் பூனையின் கழுத்தில் கட்டினேன். அது தலையை உதறி, பின்காலால் பிறாண்டி, வீடெல்லாம் மணியடித்துக்கொண்டு ஓடியது. மேஸ்திரி தன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சத்தம் கேட்டதும் முகத்தைத் திருப்பினார்.

"இன்னாம்மா, இப்பப் போயி கட்டியிருக்கீங்க?"

"நீங்க கேட்டீங்களே மேஸ்திரி."

"அப்போ வேலைக்குப் போற அவசரம். விழுந்து எழுந்து போனா ஆளுங்க பாத்துடுவாங்கன்னு பயம். இப்போ நான் எங்கம்மா போவப் போறேன்? அதுக்குத்தான் இம்சை. அவுத்துடுங்க, பாவம்."

அவிழ்த்துவிட்டேன். பூனை நேராகப் போய் அவர் நாற்காலியின் கீழ் படுத்துக்கொண்டது. அவர் காலை எடுத்து அந்தப் பக்கம் வைத்துக்கொண்டார்.

மேஸ்திரியும் இப்போது இல்லை, பூனையும் இல்லை. சந்துப் படிக்குச் சுண்ணாம்பு அடிப்பதை நிறுத்திவிட்டேன். மணியைத் திருப்பிக் கொடுக்க ஒருமுறை போனேன், அவர் மனைவி வாங்கிக்கொள்ளவில்லை. நான் கையாண்ட எல்லாக் கோப்புக்கும் முடிவுரை எழுதி மூடியிருக்கிறேன், இதற்கு மட்டும் எழுதவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை, பென்ஷனுக்கு உயிரோடிருக்கிறேன் என்று சான்று கொடுக்க வேண்டிய மாதத்தில், கீழ்த்தட்டுக் காகிதங்களை எடுக்க இந்த உறையை நகர்த்த வேண்டியிருக்கிறது. முன்பெல்லாம் தூக்கும்போது உள்ளே மணி ஒரு தடவை ஒலிக்கும். இப்போது உறைக்கு வெளியே விரலால் அழுத்திப் பிடித்து, ஒலிக்காமல் எடுத்து வைக்கப் பழகிவிட்டேன்.