லேபிள் படத்துக்கு வந்த நோட்டீஸ்

காலையில் மெயிலைத் திறந்தால், என் கஸ்டமர் ஒருவரின் வெப்சைட்டை மூடிவிட்டதாக அமெரிக்காவிலிருந்து தகவல். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டாயிரத்துக்குப் பின் வந்த வருஷங்கள் அவை. மதுரைப் பசுமலையில் ஓர் அறை எடுத்து வெப் ஹோஸ்டிங் நடத்தினேன். சர்வர் அமெரிக்காவில், வெப்சைட் வைக்க அங்கே இடம் வாங்கி இங்கே விற்பதுதான் தொழில்.

அந்தக் கஸ்டமர் செல்வம், சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் போட்டவர். ஒரு பூச்சிமருந்தை அடித்ததில் கொடி முழுக்கக் கருகிப்போனது. கருகிய கொடியையும் மருந்து டப்பாவின் லேபிளையும் போட்டோ எடுத்து, நடந்ததைத் தமிழில் எழுதி அந்த வெப்சைட்டில் போட்டிருந்தார். வெளியூர்க் கொடிக்கால்காரர்களின் பிள்ளைகள் பிரௌசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்துப் போய் வீட்டில் காட்டினார்கள்.

அவர் எழுதியது பொய் என்று மருந்துக் கம்பெனி சொல்லவே இல்லை. லேபிள் எங்கள் டிசைன், அதைப் போட்டது காப்பிரைட் மீறல் என்று அமெரிக்க சர்வர்காரனுக்கு நோட்டீஸ் விட்டிருந்தது. புகார் வந்ததும் மூடாவிட்டால் சர்வர்காரனும் மாட்டிக்கொள்வான்; அந்த ஊர்ச் சட்டம் அப்படி. கெட்டிக்காரத்தனத்தைப் பாருங்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

செல்வம் மத்தியானமே வந்துவிட்டார். "லேபிள் படத்தை மட்டும் எடுத்துருவோமா?" என்று கேட்டேன்.

"அத எடுத்துட்டா, இந்த மருந்துதான்னு எவன்ணே நம்புவான்? எம்புட்டுப் பேரு அடிக்கிறதுக்கு வாங்கி வச்சிருக்கான் தெரியுமா?"

"அப்ப அவங்க புகார் தப்புன்னு கவுன்ட்டர் நோட்டீஸ் குடுக்கணும். கேஸ் வந்தா அமெரிக்கக் கோர்ட்டுக்குக் கட்டுப்படுறேன்னு எழுதிக் குடுக்கணும். யோசிச்சுக்கங்க."

"மதுரைக் கோர்ட்டு வாசலையே நான் மிதிச்சதில்லண்ணே. குடுங்க, கையெழுத்துப் போடுறேன்."

அனுப்பினோம். கம்பெனி கேஸ் போடுகிறதா என்று பார்க்க இரண்டு வாரம் பொறுக்கச் சொன்னார்கள் சர்வர்காரர்கள். மூட ஒரே மெயில் போதுமாக இருந்தது. கேஸ் வரவில்லை. வெப்சைட் பழையபடி திறந்தது. ஜெயித்துவிட்டோம் என்று இருவரும் காபி குடித்துக்கொண்டிருந்தோம். அப்போது வெப்சைட்டில் இருந்த நம்பரைப் பார்த்து, அவர் செல்போனில் ஒரு பெண் பேசினாள். பக்கத்தில் இருந்த எனக்கும் கேட்டது.

"பிரெண்டு சொல்லிப் போன வாரம் தேடுனேண்ணே. பக்கமே திறக்கல. பொய்யின்னுதான் எடுத்துட்டாங்க போலன்னு அப்பா எங்க கொடிக்கு அந்த மருந்த அடிச்சிட்டாரு. இன்னைக்குத்தான் திறக்குது."

செல்வம் காபியை அப்படியே வைத்துவிட்டார்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நோட்டீஸ் வந்தால் படம் யாருடையது என்று மட்டும் பார்க்காதீர்கள். அந்தப் பக்கம் மூடியிருக்கும்போது அதைத் தேடி யார் வருவார் என்றும் பாருங்கள்.